‘செட்’ என்னும் உரைகல்: லாங்மன் ஆங்கில அகராதிக்கு ஒரு மதிப்புரை

ஓர் ஆங்கில அகராதி நல்லதா என்று பார்க்க விரும்புகிறவர்களில் பலர், அதில் அரிய சொல் ஒன்றைத் தேடிப் பார்க்கிறார்கள். வாயில் நுழையாத ஒரு மருத்துவச் சொல் அதில் இருந்துவிட்டால் அகராதி தேறிவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். அத்தகைய சொல்லுக்குப் பொருள் எழுதுவதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. அதற்கு ஒரே பொருள்தான் இருக்கும், இரண்டு வரியில் வேலை முடிந்துவிடும். அகராதிக்காரர்களைத் திணறவைப்பவை கெட், புட், ரன், டேக், செட் போன்ற பொடிச் சொற்கள்தாம். ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே அறிமுகமாகி, இருபது ஆண்டுகள் கழித்தும் ஏதாவது ஒரு வாக்கியத்தில் நம்மைத் தடுமாறவைப்பவையும் அவையே. எனவே, லாங்மன் நிறுவனத்தின் தற்கால ஆங்கில அகராதியை, செட் என்ற ஒரே ஒரு சொல்லை உரைகல்லாகக் கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன்.

செட் எத்தனை வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கதிரவன் மறைவது, குழைத்த சிமெண்ட் இறுகுவது, கடிகாரத்தில் அலாரம் வைப்பது, முறிந்த எலும்பைச் சேர்த்துப் பொருத்துவது, கூட்டத்துக்கு நாள் குறிப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது, அச்சுக் கோப்பது, ஒரு கதையை இன்ன ஊரில் இன்ன காலத்தில் நடப்பதாக அமைப்பது ஆகிய அனைத்துக்கும் அது ஒன்றே வினை. பெயர்ச்சொல்லாகும்போது டென்னிஸ் ஆட்டத்தின் ஒரு பகுதியையும், படப்பிடிப்புக்காகக் கட்டிய அரங்கத்தையும், கணிதத்தில் வரும் கணத்தையும், வானொலிப் பெட்டியையும், சேர்ந்தே இருக்க வேண்டிய பொருள்களின் தொகுப்பையும் குறிக்கிறது. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில், 20 தொகுதிகளிலும் மிக நீண்ட பதிவு செட் என்ற வினைக்கு உரியதாக இருந்தது. 430க்கும் மேற்பட்ட பொருள்களோடு அது ஏறத்தாழ 60,000 சொற்களுக்கு நீண்டது. பின்னர் அந்த அகராதியைத் திருத்தி எழுதும் பணி நடந்தபோது, முதலிடம் 2000இல் மேக் என்ற வினைக்கும், 2007இல் புட் என்பதற்கும், 2011இல் 645 பொருள்களுடன் ரன் என்பதற்கும் கைமாறியது. ரன் வினையைத் தொகுக்க பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியருக்கு ஒன்பது மாதங்கள் பிடித்தன. பட்டம் பறிபோனாலும் செட் தரும் தொல்லை குறைந்துவிடவில்லை. ரன்னின் பொருள்களில் பெரும்பாலானவற்றை ஓட்டம் என்ற ஒரு படிமத்தைக் கொண்டு ஊகித்துவிட முடிகிறது. செட் அப்படி எளிதில் பிடிகொடுப்பதில்லை.

லாங்மன் அகராதி முதன்முதலில் 1978இல் வெளிவந்தது. அதன் ஆறாம் பதிப்பு 2014இல் வந்தது. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே செய்யப்பட்ட அகராதி இது. இதன் அடித்தளக் கொள்கை எளிமையானது: எந்தச் சொல்லுக்கான விளக்கத்தையும் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள் எழுதிவிட வேண்டும். அந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள ஒரு சொல்லைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், அதனைச் சிறிய தலைப்பெழுத்துகளில் அச்சிட்டுத் தனித்துக் காட்டுவார்கள். இதற்கு முன்னோடி, 1935இல் ஆங்கிலம் கற்பித்தல் துறை அறிஞர் மைக்கேல் வெஸ்ட் 1,500க்கும் குறைவான சொற்களைக் கொண்டே விளக்கம் எழுதி வெளியிட்ட அகராதி. ஒரு சொல்லைப் பார்க்கப் போய், அதன் விளக்கத்தில் உள்ள மூன்று சொற்களுக்குப் பொருள் தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டின் அருமை தெரியும். ஆனால், கட்டுப்பாடு இறுக்கமானால் விளக்கம் மழுங்கிப்போகும் என்ற ஐயமும் நியாயமானதே. செட் என்பதை 2,000 சொற்களுக்குள் விளக்கினால் எல்லாமே ‘வை’ என்பதில் போய் முடியும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர்.

அப்படி நடக்கவில்லை. ஒரு பொருளைக் கீழே வைத்தல் என்ற பயன்பாட்டில், கவனமாக வைத்தல் என்ற நுட்பத்தை விளக்கத்திலேயே சேர்த்து, அது எழுத்துநடைக்கு உரியது என்ற குறிப்பையும் அகராதி தருகிறது. இந்த இரண்டு தகவல்களும் ஒரு மாணவருக்குப் பெரிய உதவி. ‘புட்’ என்று சொல்ல வேண்டிய பேச்சு வாக்கியத்தில் ‘செட்’ என்று சொன்னால் இலக்கணப்படி தவறில்லை; ஆனால் கேட்பவர் காதில் அது கதைப் புத்தகத்தைப் படித்துக் காட்டுவதுபோல ஒலிக்கும். பொருள் தெரிந்தும் இடம் தெரியாமல் சொல்லைப் போடும் இந்தக் குறையைச் சரிசெய்ய, இந்தக் குறிப்புகளைவிடச் சிறந்த வழி அகராதிக்குள் இல்லை.

இந்த அகராதியின் உண்மையான பலம் 1995ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் சேர்க்கப்பட்ட வழிகாட்டிக் குறிப்புகள். நீண்ட பதிவுகளில், ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால், அது எதைப் பற்றியது என்று ஓரிரு சொற்களில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். செட் வினையின் பக்கத்தில், கதை என்று ஒன்று. கடிகாரமும் இயந்திரமும் என்று ஒன்று. திரவம், பசை, சிமெண்ட் என்று ஒன்று. சூரியன், முகம், தலைமுடி, எலும்பு என்று தனித்தனியாகச் சில. தேடி வருகிறவரின் கையில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த வாக்கியத்தில் செட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பொருள் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். எலும்பு நின்றால் எலும்பு என்ற குறிப்புக்கு நேராகப் போய்விடலாம். விளக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்துத் தள்ள வேண்டியதில்லை. தனக்குத் தெரியாத ஒன்றைத் தேடுகிறவர், தனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைவதற்கு இதனால் வழி கிடைக்கிறது. அதே ஆண்டில் வந்த கேம்பிரிட்ஜ் அகராதியும் இதை ஒத்த உத்தியைக் கையாண்டது. இருப்பினும் செட் போன்ற சொல்லில் இடம்பெறும் குறிப்புகளின் தேர்வு லாங்மனில் கூர்மையாக இருக்கிறது என்பது என் கருத்து.

கூட்டுவினைகளில் இந்த அகராதி மேலும் சிறக்கிறது. செட் தனியாக வரும்போது தருகிற தொல்லையைவிட, அப், ஆஃப், இன், அசைட், பேக் போன்ற துணைச்சொற்களோடு சேரும்போது தருகிற தொல்லை அதிகம். ‘செட் ஆஃப்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். பயணம் புறப்படுவதும் அதுதான். வெடியை வெடிக்கச் செய்வதும், கைதவறி அலாரத்தை ஒலிக்கவிடுவதும், ஒரு சச்சரவைக் கிளப்பிவிடுவதும் அதுதான். ஒரு நிறம் இன்னொரு நிறத்தை எடுப்பாகக் காட்டுவதும் அதுதான். ‘செட் அப்’ என்பது நிறுவனம் தொடங்குவதையும், கருவிகளைப் பொருத்தித் தயார்செய்வதையும், செய்யாத குற்றத்தில் ஒருவரைத் திட்டமிட்டுச் சிக்கவைப்பதையும் குறிக்கிறது. ‘செட் பேக்’ என்பது வேலையைத் தாமதப்படுத்துவது. பேச்சுவழக்கில், ஒருவருடைய பணப்பைக்கு வேட்டு வைப்பது.

இவற்றுள் ‘செட் அசைட்’ தனியாகப் பேசத்தக்கது. எதிர்காலச் செலவுக்குப் பணத்தை எடுத்து வைத்தல், பொதுநலன் கருதித் தனிப்பட்ட மனக்கசப்பை ஒதுக்கி வைத்தல், நிலத்தில் பயிரிடாமல் விட்டுவைத்தல் என்னும் மூன்றிலும் ஒதுக்கிவைத்தல் என்ற கருத்து தெளிவாகத் தெரிகிறது. ஆனால், கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பை மேல் நீதிமன்றம் ‘செட் அசைட்’ செய்தது என்று ஒரு செய்தி வந்தால், மேற்கண்ட மூன்றையும் மட்டும் அறிந்தவர், தீர்ப்பை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், பிறகு எடுத்துப் பார்ப்பார்கள் என்றே புரிந்துகொள்வார். நடந்தது அதற்கு நேர்மாறு: அந்தத் தீர்ப்பு ரத்தாகிவிட்டது, இனி அதற்கு எந்த மதிப்பும் இல்லை. வழக்கில் தொடர்புடைய ஒருவர் இப்படித் தவறாகப் புரிந்துகொண்டால் விளைவு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. லாங்மன் இந்தச் சட்டப் பொருளையும் அதே இடத்தில், அதே எளிய மொழியில் தருகிறது. சட்ட அகராதியைத் தேடி ஓட வேண்டிய தேவை பொது வாசகருக்கு இல்லை.

‘செட் இன்’ இன்னும் சுவையானது. மேலோட்டமாகப் பார்த்தால், தொடங்கி நிலைபெறுதல் என்பதுதான் அதன் பொருள். ஆனால் எது தொடங்கி நிலைபெறும்? ஆங்கில மொழியியலறிஞர் ஜான் சிங்ளேர், கணினியில் திரட்டிய உண்மையான வாக்கியங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, இந்தக் கூட்டுவினைக்கு எழுவாயாக வருபவை பெரும்பாலும் விரும்பத்தகாதவை என்று கண்டார். அழுகல், சிதைவு, நோய்த்தொற்று, நம்பிக்கையிழப்பு போன்றவைதாம் அங்கே வந்து குந்திக்கொள்கின்றன. தமிழில் ‘பீடித்தல்’ என்ற வினை இதற்கு நெருக்கமான நடத்தை உடையது: நோய் பீடிக்கும், வறுமை பீடிக்கும், மகிழ்ச்சி ஒருவரைப் பீடித்தது என்று எவரும் எழுதமாட்டார். லாங்மன் அகராதி இந்தக் கூட்டுவினையின் விளக்கத்திலேயே, குறிப்பாக விரும்பத்தகாதவை என்ற குறிப்பைச் சேர்த்திருக்கிறது. வெறும் ‘தொடங்குதல்’ என்று எழுதிவிட்டுப் போகும் அகராதியை நம்பி, ஒரு வாழ்த்துமடலில் ‘செட் இன்’ என்று எழுதுகிறவரை இந்த ஒரு குறிப்பு காப்பாற்றும்.

குறைகளுக்கு வருகிறேன். முதன்மையான குறை, பொருள்களுக்கு இடையிலான உறவு கண்ணுக்குத் தெரியாமல் போவது. அதிகமாகப் பயன்படும் பொருள் முதலில், குறைவாகப் பயன்படுவது பிறகு என்பதே லாங்மனின் வரிசை முறை. தேடுவதற்கு இது வசதி, புரிந்துகொள்வதற்குத் தடை. செட் என்பது ஆங்கிலத்தில் ‘சிட்’ என்பதன் பிறவினை. தமிழில் அமர் என்பதற்கு அமர்த்து எப்படியோ, இரு என்பதற்கு இருத்து எப்படியோ, ஆங்கிலத்தில் உட்காருவதற்கு உட்காரவைப்பது அப்படி. இந்த ஒரு செய்தி தெரிந்துவிட்டால் முன்பு சிதறிக் கிடந்தவை பல ஒன்றுகூடிவிடுகின்றன. கல்லை மோதிரத்தில் இருத்துகிறார்கள். எலும்பை அதன் இடத்தில் இருத்துகிறார்கள். கூட்டத்தின் நாளை ஓரிடத்தில் இருத்துகிறார்கள். கலவை தானாகவே அமர்ந்து இறுகுகிறது. கதிரவனும் போய் அமர்கிறது. பிறவினையாகப் பிறந்த சொல் சில இடங்களில் தன்வினையாகவும் மாறிக்கொண்டது. லாங்மனில் சிமெண்டும் சூரியனும் எலும்பும் முகமும் ஒருவரையொருவர் அறியாத அண்டை வீட்டாராக இருக்கிறார்கள்.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. தொகுப்பு என்று பொருள்படும் செட் என்ற பெயர்ச்சொல், முழுக்க இந்த வினையிலிருந்து வந்ததன்று. அதன் ஒரு வேர் பழைய பிரெஞ்சு வழியாக, பின்பற்றுவோர் கூட்டம் என்ற பொருளுடைய ஒரு லத்தீன் சொல்லுக்குப் போகிறது. வினையின் செல்வாக்கு அதன்மீது பின்னர் படிந்தது. ஒரு சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள் என்று வியப்பவர்களுக்குக் கிடைக்கும் விடைகளில் ஒன்று, அது உண்மையில் இரண்டு சொற்கள் கலந்தது என்பதே. இத்தகைய வரலாறு வேண்டுமென்றால் ஆக்ஸ்போர்டு பேரகராதிக்குத்தான் போக வேண்டும். அதன் இணையப் பதிப்பை முழுமையாகப் பார்க்கச் சந்தா வேண்டும். நூலகங்கள் வழியாகப் பலருக்கு அது கிடைக்கிறது. ஆனால், அவசரத்தில் ஒரு செய்தியைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு, 60,000 சொற்கள் கொண்ட பதிவால் ஒரு பயனும் இல்லை. மெரியம் வெப்ஸ்டரின் கல்லூரி அகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்குகிறது. அதனை நடுவழி என்று கொள்ளலாம், ஆயினும் மொழி கற்பவரை நினைத்து எழுதப்பட்டதன்று.

இரண்டாவது குறை, லாங்மன் இணையப் பக்கத்தின் அமைப்பைச் சார்ந்தது. வினை, அதன் கூட்டுவினைகள், பிறகு பெயர்ச்சொல், கடைசியில் பெயரடை என்று எல்லாம் ஒரே நீளப் பக்கத்தில் வருகின்றன. கைபேசியில் விளம்பரங்களைத் தாண்டி இழுத்துக்கொண்டே போக வேண்டும். பெயரடை கடைசியில் தள்ளப்பட்டிருப்பது சிறிய செய்தியன்று, ஏனெனில் நாளேட்டு ஆங்கிலத்தில் செட் அதிகம் தென்படும் இடங்களில் அதுவும் ஒன்று. விலை உயர ‘செட்’ ஆகியிருக்கிறது என்ற பாங்கில் ஒரு தலைப்பு வந்தால், விலை நிர்ணயிக்கப்பட்டுவிட்டது என்று பலர் படிக்கிறார்கள். விலை உயரக்கூடும், உயரும் நிலையில் இருக்கிறது என்பதே அங்கே பொருள். பிடிவாதமாக எதிர்ப்பவரையும், பழக்கவழக்கங்களை மாற்றிக்கொள்ளாதவரையும் குறிக்கப் பயன்படுவதும் இதே பெயரடைதான்.

எழுதுவதற்காக அகராதியைப் புரட்டுகிறவருக்கு நான் லாங்மனைவிடக் காலின்ஸ் கோபில்டைப் பரிந்துரைப்பேன். முன்பு குறிப்பிட்ட சிங்ளேரின் தலைமையில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1987இல் வெளிவந்த அகராதி அது. அதில் விளக்கங்கள் துண்டுத் தொடர்களாக இருப்பதில்லை. நீங்கள் ஒன்றை ஓரிடத்தில் செட் செய்தால் இப்படிச் செய்கிறீர்கள் என்று முழு வாக்கியமாகவே விளக்கம் அமைகிறது. யார் செய்வார்கள், எதைச் செய்வார்கள், அடுத்து என்ன சொல் வரும் என்பவை விளக்கத்தைப் படிக்கும்போதே மனத்தில் பதிந்துவிடுகின்றன. செட் போன்ற சொல்லில் இந்த முறைக்குத் தனி மதிப்பு உண்டு, ஏனெனில் முன்மாதிரியை, சாதனையை, இலக்கை, காலக்கெடுவை, நிபந்தனையைச் செட் செய்யலாம் என்பதும், முடிவை அப்படிச் செய்ய முடியாது என்பதும் விதிகளால் விளங்குவதில்லை, பழகித்தான் வரும். முழு வாக்கிய விளக்கங்கள் இடத்தை அடைத்துக்கொள்வதும், சில வேளைகளில் குழந்தைக்குச் சொல்வதுபோல நீளுவதும் அதன் குறைகள். அவசரமாகப் பொருள் பார்ப்பதற்கு லாங்மனின் வழிகாட்டிக் குறிப்புகளுக்கு அது ஈடாகாது.

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளையும் இங்கே தவிர்க்க முடியாது, ஏனெனில் நம்மில் பலர் முதலில் புரட்டுவது அவற்றைத்தான். செட் போன்ற சொற்களில் இவற்றுள் பல செய்வது, வை, அமை, பொருத்து, பதி, நிறுவு, குறி, மறை, இறுகு என்று இணைச்சொற்களைக் காற்புள்ளி இட்டு வரிசையாக நிறுத்துவது. எந்தச் சொல் எந்த இடத்துக்கு என்று காட்ட எடுத்துக்காட்டு வாக்கியம் பெரும்பாலும் இருப்பதில்லை. இந்தப் பட்டியல் ஏற்கெனவே பொருள் தெரிந்தவருக்கு நினைவூட்டும், தெரியாதவருக்கு உதவாது. மறுதிசையில் எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். தமிழ் கற்கும் ஒருவர் பிடி என்ற சொல்லைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருடனைப் பிடிப்பதும், சளி பிடிப்பதும், படம் பிடிப்பதும், சம்பளத்தில் பிடிப்பதும், ஒருவரைப் பிடித்துப்போவதும் ஒரே வரியில் காற்புள்ளிகளோடு நின்றால், அவர் சம்பளத்துக்குச் சளி பிடித்ததாக எழுதினாலும் குற்றம் சொல்ல முடியாது.

வினைவடிவம் பற்றிய ஒரு சிறு செய்தியை லாங்மன் பதிவின் தலைப்பிலேயே காட்டிவிடுகிறது, ஆனால் பலர் அதைக் கவனிப்பதில்லை. செட்டுக்கு இறந்தகால வடிவம் தனியாக இல்லை. நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் இறந்தகால எச்ச வடிவத்திலும் அது செட்தான். ஆகவே ‘ஷீ செட்’ என்று இறுதியில் ‘ஸ்’ சேராமல் வந்தால் அது நடந்து முடிந்த செயல். ‘ஷீ செட்ஸ்’ என்று வந்தால் வழக்கமாக நடப்பது. ஒரு கதையின் காலத்தைத் தீர்மானிக்க அந்த ஒற்றை எழுத்தைத் தவிர வேறு தடயம் வாக்கியத்தில் இல்லாமல் போவதும் உண்டு. பதிவைத் திறந்தவுடன் விளக்கத்துக்குத் தாவாமல், ஒலிப்புக் குறிக்குப் பக்கத்தில் உள்ள இந்த வடிவக் குறிப்பைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குவது நல்லது. பேச்சிலும் எழுத்திலும் அந்தச் சொல் எந்த அளவுக்கு அடிக்கடி வருகிறது என்பதைக் காட்டும் குறிகளும் அங்கேயே உள்ளன.

படித்துப் புரிந்துகொள்வதற்கு ஒரே ஓர் அகராதிதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் லாங்மனைத் தேர்ந்தெடுக்கலாம். இலவச இணையப் பதிப்பே போதும். அச்சுப் பதிப்பு கைக்குக் கிடைத்தால் விடவேண்டாம், ஏனெனில் செட் போன்ற நீண்ட பதிவை விரித்த தாளில் ஒரே பார்வையில் மேய்வதும், கைபேசித் திரையில் விரலால் தள்ளித் தள்ளித் தேடுவதும் ஒன்றாகாது. கூட்டுவினைகளைத் தேடுவோர், தேடல் கட்டத்தில் செட் என்று மட்டும் இடாமல், துணைச்சொல்லையும் சேர்த்துத் தட்டச்சு செய்தால் பாதி அலைச்சல் மிச்சமாகும்.